துண்டு போட்ட இடம்

என் வீட்டுப் படியேறி வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காகத்தான் வருகிறார்கள். மலருக்குக் கதை வேண்டும். அல்லது ஆண்டு விழாவுக்குத் தலைமை வேண்டும். இரண்டுக்கும் என்னிடம் பதில் தயாராக இருக்கும். சென்ற வருஷம் ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வந்த இளைஞர் இரண்டையும் கேட்கவில்லை.

"ஓர் அத்தியாயம் எழுதித் தரணும் சார்" என்றார்.

"எந்தப் பத்திரிகைக்கு?"

"பத்திரிகைக்கு இல்லே சார். லிப்ரே ஆபீஸ் கையேட்டுக்கு."

நான் சிரித்துவிட்டேன். லிப்ரே ஆபீஸ் எனக்குப் புதிதல்ல. ஏழெட்டு வருஷங்களாக என் கதைகளை அதில்தான் அடிக்கிறேன். காசு கொடுத்து வாங்கியது அல்ல அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பிரதி எடுத்து அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம். விஷயம் தெரிந்தவரானால் உள்ளே புகுந்து மாற்றியும் எழுதிக்கொள்ளலாம். கட்டற்ற மென்பொருள் என்றும் திறமூல மென்பொருள் என்றும் சொல்கிறார்களே, அந்த வகை. ஜெர்மனியில் ஒரு கம்பெனியின் சரக்காக ஸ்டார் ஆபீஸ் என்ற பெயரில் இருந்தது. 1999-இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது; 2000-இல் மூல நிரலை ஊருக்குத் திறந்துவிட்டது. 2010-இல் சன் கம்பெனியே ஆரக்கிள் கைக்குப் போயிற்று. அதுவரை அந்த மென்பொருளுக்காக உழைத்த தொண்டர்களில் பலர் அந்த ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி தனிக்குடித்தனம் போனார்கள். அந்தக் குடித்தனத்தின் பெயர்தான் லிப்ரே ஆபீஸ்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே, தம்பி. கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டவன் நான்" என்றேன்.

"தெரியாதுங்கறதுக்காகத்தான் சார் வந்தேன்" என்றார் அவர்.

பேச்சுச் சாமர்த்தியம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் விளக்கிய பிறகு அதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. நீந்தத் தெரிந்தவனைக் கேட்டுப் பாருங்கள், "காலை உதைச்சா மிதக்கும், அவ்வளவுதான்" என்பான். நீந்தத் தெரியாமல் தான் தண்ணீர் குடித்த நாட்களை அவன் மறந்துவிட்டான். மென்பொருளை எழுதினவர்களும் அப்படித்தான். எங்கே புதியவனுக்குக் கால் வழுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நேற்று வழுக்கி விழுந்தவனுக்குத் தெரியும்.

இது அந்த இளைஞர் மட்டும் சொல்லும் குறை அல்ல. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை 1983-இல் தொடங்கிவைத்த ரிச்சர்ட் ஸ்டால்மனே பிறகு எழுதிய கட்டுரை ஒன்றில், பெரிய குறை மென்பொருளில் இல்லை, நல்ல கட்டற்ற கையேடுகள் இல்லாததில்தான் இருக்கிறது என்று வருந்தியிருக்கிறார். 2017-இல் கிட்ஹப் நிறுவனம் இந்த உலகத்து ஆட்களிடமே விசாரித்தபோது, கையேடுகள் அரைகுறையாகவோ பழசாகவோ இருப்பதைத் தாங்கள் கண்டிருப்பதாக 100-க்கு 93 பேர் சொன்னார்களாம். சரி, அதை எழுத முன்வருகிறவர்கள் எத்தனை பேர்? மென்பொருளுக்கு உழைக்கிறவர்களிலேயே 100-க்கு 60 பேர் கையேட்டுப் பக்கம் வருவதே இல்லை, அல்லது எப்போதாவதுதான் வருகிறார்கள்.

கொடுத்தவனுக்கு இதற்குமேல் என்ன கடமை என்று கேட்கலாம். சட்டப்படி ஒன்றும் இல்லை. இத்தகைய மென்பொருள்களின் உரிமப் பத்திரங்களில் எந்த உத்தரவாதமும் கிடையாது என்று தெளிவாகவே எழுதியிருக்கும். இனாமாகக் கொடுத்தவனைக் கோர்ட்டுக்கு இழுக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் நீங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையற்காரர் பேர்போனவர். சாம்பார் வாசனை தெருக்கோடி வரை வருகிறது. பந்தியில் உட்கார்ந்து இலையும் போட்டாயிற்று. பரிமாற ஆளில்லை. கேட்டால், "சமையற்கட்டு திறந்துதான் இருக்கு, வேணுங்கறவங்க உள்ளே போய் எடுத்துக்கலாமே" என்கிறார்கள். சமையற்கட்டு திறந்திருப்பது பெருந்தன்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பாட்டிமார் பலர் வெறும் இலையிலிருந்து எழுந்து போவார்கள். உள்ளே நுழைந்து அண்டாவைத் திறக்கத் தெரிந்த நாலு பேர் வயிறாரச் சாப்பிடுவார்கள். அந்த நாலு பேருக்காகவா அத்தனை அடுப்பு மூட்டியது?

பரிமாறுகிறவனுக்குப் புகழ் கிடையாது. "சமையல் யார்?" என்று கேட்பார்களே தவிர, "பரிமாறியது யார்?" என்று யாரும் கேட்டதில்லை. முதுகு ஒடிவது மட்டும் அவனுக்குத்தான்.

அதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். லிப்ரே ஆபீஸின் ஆங்கிலக் கையேடுகளை அந்த இளைஞர் எனக்குக் காட்டினார். கதை, கடிதம் அடிக்கிற பகுதிக்கு ஒரு நூல், கணக்குப் பகுதிக்கு ஒரு நூல், தொடக்கக்காரர்களுக்கு ஒரு நூல் என்று கனமான புத்தகங்கள். ஒரு நூலை அத்தியாயங்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஓர் அத்தியாயத்தை ஒருவர் எழுத வேண்டியது, இன்னொருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எழுதியபடியே நடக்கிறதா என்று வரி வரியாகச் செய்து பார்க்க வேண்டியது, பிறகு வெளியீடு. புதிய பதிப்பு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜீன் ஹாலிஸ் வெபர் என்ற அம்மையார் நெடுங்காலம் இந்த வேலையை முன்நின்று நடத்தியவர். உரிமைப் பக்கத்தில் இந்தப் பதிப்புக்கு உழைத்தவர்கள், முந்தைய பதிப்புகளுக்கு உழைத்தவர்கள் என்று இரண்டு பட்டியல் இருக்கிறது. அந்தப் பெயர்களை மெதுவாகப் படித்தேன். ஒருவரையும் எனக்குத் தெரியாது. அவர்கள் சொல்லிக்கொடுத்த வழியில்தான் என் ஒரு நாவலின் பக்க எண்கள் ஒழுங்காக விழுந்தன. நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கையேடு என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். யூனிக்ஸ் என்ற அமைப்பை உண்டாக்கிய கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் அதற்கு 1971 நவம்பர் 3-ஆம் தேதியிட்ட கையேடு ஒன்று எழுதினார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு விளக்கம். அதில் 'குறைகள்' என்ற பொருளில் ஒரு தலைப்பு. தாங்கள் செய்த பொருளில் என்ன கோளாறு என்பதைத் தாங்களே அதன் கீழ் எழுதி வைத்துவிடுவார்கள்! நாவலாசிரியர்களுக்கும் இப்படி ஒரு விதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்? 'பதினாலாம் அத்தியாயத்தில் கதாநாயகி அழுவது அவசியமில்லை; பக்கம் போதவில்லை' என்று நானே எழுதிவிடுவேன். விமரிசகர்களுக்கு வேலை குறையும்.

அந்தத் தலைப்பின் கீழ் நான் எழுத வேண்டியது இனிமேல்தான் வருகிறது.

இளைஞரும் அவருடைய நண்பர்கள் சிலரும் தமிழில் ஒரு கையேடு எழுதத் தீர்மானித்திருந்தார்கள். வெறும் மொழிபெயர்ப்பாக இல்லாமல், தமிழில் அடிக்கிறவனுக்கு வரும் சந்தேகங்களை வைத்து. பதினைந்து அத்தியாயம், பதினைந்து பேர். எனக்கு அடிக்குறிப்புகள் பற்றிய அத்தியாயம். சரித்திர நாவல் ஒன்றில் அடிக்குறிப்புகளோடு நான் பட்ட பாடு அவர் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது. பொங்கலுக்குள் தருவதாகச் சொன்னேன். அவர் கேட்டது தீபாவளிக்குள். பெரிய மனுஷனாகப் பொங்கல் என்று தள்ளி வைத்தது நான்தான்.

எழுதவில்லை.

காரணங்களா, ஏராளம். தொடர்கதை ஒன்று நடந்துகொண்டிருந்தது. மைத்துனன் வீட்டுக் கல்யாணம். மார்கழியில் பத்து நாள் ஜுரம். இவை எல்லாம் உண்மையே. ஆனால் அதே மார்கழியில், ஜுரத்தோடு உட்கார்ந்து, தொடர்கதைக்கு வாரம் தவறாமல் அத்தியாயம் அனுப்பினேன் என்பதும் உண்மை. அங்கே சன்மானம் உண்டு. ஆசிரியர் போன் பண்ணுவார். இங்கே என்ன? பைசா வாங்கவில்லை, கையெழுத்துப் போடவில்லை, நானாகப் பார்த்துச் செய்கிற உபகாரம். உபகாரத்துக்குக் கெடு உண்டா என்று மனசு வாதாடிற்று. இளைஞர் இரண்டு முறை செய்தி அனுப்பினார். இரண்டிலும் 'நேரம் கிடைக்கும்போது' என்ற வார்த்தை இருந்தது. நேரம் கிடைக்கவில்லை என்று நானும் அமைதியாக இருந்துவிட்டேன்.

பங்குனி மாதத்தில் நூல் நிலையக் கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். எழுபத்து நாலு வயது. தம் ஊர் ஏரியின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறார். கல்வெட்டு, செட்டில்மெண்ட் ரிக்கார்டு, கிழவர்களின் வாய்மொழி என்று தேடிச் சேர்த்த 312 குறிப்புகள். எல்லாவற்றுக்கும் எண்களைக் கையாலேயே அடித்திருக்கிறார். இரண்டாம் அத்தியாயத்தில் இருந்த ஒரு பகுதியை ஐந்தாம் அத்தியாயத்துக்கு மாற்றியிருக்கிறார். அவ்வளவுதான், அதன் பிறகு எல்லா எண்களும் தாறுமாறு. மறுபடியும் ஒவ்வொன்றாகத் திருத்தப் பதினொரு நாள் ஆயிற்றாம். "கண்ணு வேறே சரியில்லை பாருங்க. இப்ப ஒரு பத்தியை நகர்த்தணும்னாலே பயமா இருக்கு. தப்பான இடத்திலே இருந்தாலும் இருக்கட்டும்னு விட்டுடறேன்" என்றார்.

லிப்ரே ஆபீஸில் 'இன்ஸர்ட்' பட்டியலைத் திறந்து அடிக்குறிப்பு என்ற இடத்தைத் தொட்டால் எண் தானே விழும். பத்தியை எங்கே நகர்த்தினாலும் குறிப்பும் கூடவே போகும். எண்கள் எல்லாம் தாமே வரிசையாக மாறிக்கொள்ளும். என் அத்தியாயத்தின் முதல் நாலு வரி அதுதான்.

"யாரையாவது கேட்டிருக்கலாமே, ஐயா" என்றேன்.

"கேட்டேனே. தமிழிலே புத்தகம் போடறாங்களாம். அந்தப் பையன்கிட்டேயே கேட்டேன். மத்த அத்தியாயம் எல்லாம் குடுத்தான். அடிக்குறிப்பு மட்டும் ஒருத்தர் எழுதிட்டிருக்கார், சீக்கிரம் வந்துடும்னான். பெரிய எழுத்தாளராம். அதான் காத்திட்டிருக்கேன்" என்றார்.

அது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. அப்போது அதைச் சொல்லும் துணிவும் எனக்கு வரவில்லை.

அன்றிரவு எனக்கு ஒன்று விளங்கிற்று. நான் எழுதாமல் இருந்தது சின்னக் குற்றம். உலகத்தில் எத்தனையோ பேர் எழுதவில்லை. நான் செய்த பெரிய குற்றம், எழுதுகிறேன் என்று சொன்னது. டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோம் அல்லவா? அந்தத் துண்டுக்கு நம் ஊரில் உள்ள மரியாதை வேறு எதற்கும் கிடையாது. கைக்குழந்தையோடு நிற்கிறவள்கூட அந்த இடத்தில் உட்காரத் தயங்குவாள். துண்டைப் போட்டவன் பஸ்ஸில் ஏறாமல் வெற்றிலைக் கடையில் பேசிக்கொண்டு நின்றுவிட்டால், அவன் செய்தது சோம்பல் மட்டும்தானா? பதினைந்து அத்தியாயங்களில் பதினாலு வந்துவிட்டன. பதினைந்தாவதன் மேல் என் துண்டு கிடந்தது, ஏழு மாதமாக.

சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தால் இந்த விபரீதம் நேர்ந்திராது. ஒரு மாதம் பார்த்துவிட்டு, பணத்தை நிறுத்தி, வேறு ஆளிடம் கொடுத்திருப்பார்கள். கூலிக்கு வேலை செய்கிறவனுடைய வார்த்தை பொய்த்தால் ஈடுகட்டப் பணம் இருக்கிறது. இனாமாகச் செய்கிறவனிடம் வார்த்தையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அதுவும் பொய்யானால் அங்கே ஒன்றுமே இல்லை. ஆகையால், காசில்லாத வேலைக்குக் கெடு இல்லை என்று என் மனசு வாதாடியது தலைகீழ் நியாயம்.

மறுநாள் காலையில் இளைஞருக்குப் போன் பண்ணினேன். என்னால் முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்வதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. நாற்பது வயது தாண்டியவனுக்கு 'முடியாது' என்கிற வார்த்தை அத்தனை கசக்கிறது. சொல்லி முடித்தபின் அவர்மேல் கோபமும் வந்தது. இது மனித சுபாவம். "இரண்டாம் மாதமே என்னிடமிருந்து பிடுங்கியிருக்க வேண்டாமா?" என்றேன்.

"பெரியவங்ககிட்டே எப்படி சார் பிடுங்கறது?" என்றார்.

அவர் நிலைமையை யோசித்துப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆபீஸ் மேலதிகாரிக்குச் சம்பளம் என்ற கயிறு இருக்கிறது. வாத்தியாருக்கு மார்க்கு இருக்கிறது. தொண்டர்களைக் கட்டி மேய்க்கிறவனுக்கு வெறும் வாய்தான். கடிந்து பேசினால் ஆள் போய்விடுவான். பேசாவிட்டால் வேலை போய்விடும். சிலர் இதற்குச் சான்றிதழ், பொன்னாடை என்று வழி சொல்லுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எங்கள் வீட்டில் இருபத்தேழு பொன்னாடைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட என்னை ஒரு வரி எழுத வைத்ததில்லை.

நியூசிலாந்துக்காரரான ஆடம் ஹைட் என்பவர் வேறொரு முறையைக் கையாண்டார். கட்டற்ற மென்பொருள்களுக்குக் கையேடு எழுதவென்றே ஓர் அமைப்பைத் தொடங்கிய அவர், எழுதுகிறவர்களை ஒரே அறையில் சேர்த்து உட்கார வைத்துவிடுவார். ஐந்து நாள். எழுந்திருக்கும்போது புத்தகம் முடிந்திருக்க வேண்டும். வாக்குறுதி ஊசிப்போவதற்கு நேரமே கொடுக்காத ஏற்பாடு! எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. இளைஞரிடம் சொன்னேன். "ஐந்து நாள் வீட்டை விட்டு வர முடிஞ்சவங்கதான் அதுக்குச் சரி சார். எங்ககிட்டே எழுதறவங்கள்லே பாதிப் பேர் பெண்கள். குழந்தை தூங்கின பிறகு ஒரு மணி நேரம் எழுதறவங்க" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

காசு கொடுத்துச் செய்தால் என்ன என்பதும் பேச்சில் வந்தது. கேவலமான யோசனை அல்ல. எழுத்தை விற்றுச் சாப்பிடுகிறவன் நான், அதைக் கேவலம் என்று சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. 2019-இல் கூகிள் நிறுவனம் திறமூல மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுகிற எழுத்தாளர்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தொண்டர்கள் கண்விழித்து எழுதியதைப் பெரிய கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்குப் பாடமாக வைத்துக்கொண்டு லாபம் சம்பாதிக்கின்றனவே, இது நியாயமா என்று கேட்டேன். "தண்ணீர்ப் பந்தல்லே பணக்காரனும் குடிப்பான் சார். அவனுக்கும் தாகம்தானே?" என்றார் இளைஞர். அழகான பதில். ஆனால் எனக்குத் திருப்தி இல்லை. குடித்துவிட்டுப் போகட்டும், தினம் ஆயிரம் ஆட்களோடு வந்து குடிக்கிறவன் இரண்டு பானையாவது வாங்கி வைக்க வேண்டாமா? இதில் எங்களுக்குள் இன்னும் சமரசம் ஏற்படவில்லை.

இந்த இளைஞரின் தாயாரை ஒருமுறை அவர்கள் வீட்டில் பார்த்தேன். காப்பி கொடுத்துக்கொண்டே, "நீங்களாவது சொல்லக் கூடாதா? ராத்திரி ஒரு மணி வரைக்கும் அந்தப் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்திருக்கான். ஊருக்கெல்லாம் உழைக்கறான், ரேஷன் கடைக்கு நான்தான் போறேன்" என்றார். அந்தக் கையேட்டின் உரிமைப் பக்கத்தில் அந்த அம்மாளின் பெயர் வராது. வர வேண்டும் என்று வாதாடவும் என்னால் முடியவில்லை. வராமல் இருப்பது சரி என்றும் தோன்றவில்லை.

இப்போது அவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அத்தியாயத்தை ஏற்றுக்கொண்டவர் மூன்று வாரத்துக்கு ஒரு முறை எவ்வளவு ஆயிற்று என்று ஒரு வரி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெயரை எடுத்துவிட்டு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். காரணம் கேட்பதில்லை, கோபமும் இல்லை, மறுபடி வந்தால் வேறு அத்தியாயம் உண்டு. 'துண்டு விதி' என்று பெயராம். பெயரை வைத்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை.

என் அத்தியாயத்தை ஒரு பெண்மணி எழுதினார். கோர்ட்டுக்குப் பக்கத்தில் டி.டி.பி. கடையில் வேலை பார்க்கிறவர். ஒன்பதே நாளில் முடித்துவிட்டார். பதினொரு பக்கம். நான் ஏழு மாதம் எழுதியிருந்தாலும் அத்தனை தெளிவாக வந்திருக்காது. எங்கேயாவது வர்ணனையில் இறங்கியிருப்பேன். சரிபார்க்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவர் சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். ஓரிடத்தில் ஒரு படி விட்டுப்போயிருந்தது. எழுதி அனுப்பினேன். அன்று எனக்கு இருந்த பெருமை நாவலுக்குப் பரிசு கிடைத்தபோதுகூட இருந்ததில்லை என்றால் நீங்கள் நம்ப வேண்டும்.

சித்திரையில் அந்தப் பதினொரு பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு ஏரிக்கரை ஊருக்குப் போனேன். தமிழாசிரியர் திண்ணையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் படித்தார். பிறகு உள்ளே போய், ஒரு பத்தியை வெட்டி வேறு இடத்தில் ஒட்டிப் பார்த்தார். எண்கள் மாறின. ஒன்றும் பேசவில்லை. மறுபடியும் ஒருமுறை நகர்த்திப் பார்த்தார்.

எழுதவேண்டியிருந்த ஆள் நான்தான் என்பதை அப்போது சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பதினொரு நாள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் புறப்படும்போது சிவப்புப் பேனாவை எடுத்து அந்தத் தாள்களில் மூன்று இடத்தில் ஏதோ குறித்து என்னிடம் நீட்டினார். "வலி மிகணும், விட்டிருக்காங்க. அந்தப் பையன்கிட்டே சேர்த்துடுங்க" என்றார். கொஞ்சம் யோசித்து, "எப்போ சேர்ப்பீங்க?" என்றும் கேட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதே மூன்று தாள்களையும் போட்டோ பிடித்து அனுப்பிவிட்டேன்.